ஸ்குவாஷ் ஆட்டக்காரர்களுக்கு நடவுக் காலத்தில் உதவி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான்கு சுவருக்குள் ராக்கெட்டால் பந்தடித்து ஆடும் ஸ்குவாஷ் ஆட்டத்தில், 2025 டிசம்பரில் சென்னையில் நடந்த உலகக் கோப்பையில் இந்திய அணி இறுதியாட்டத்தில் ஹாங்காங்கை வீழ்த்தி முதன்முறையாகக் கோப்பையைக் கைப்பற்றியதிலிருந்து, தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அந்த ஆட்டத்துக்கு முன்னைவிடக் கூடுதல் இடம் கிடைத்துவருவது மகிழ்ச்சி அளிக்கிறது. அணியில் இருந்த நால்வரில் ஜோஷ்னா சின்னப்பா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார் ஆகிய மூவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதால் அந்த இடம் நியாயமானதும்கூட. ஆயினும், ஒருவர் முதன்முதலாக ராக்கெட்டைத் தொட்ட நாளுக்கும் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்ட நாளுக்கும் இடையில் அவர் எதை வைத்துப் பிழைத்தார் என்பதை எந்தச் செய்தியிலும் நான் படிக்கவில்லை. பாபநாசம் வட்டத்தில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்குமேல் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன் என்பதால், எதைப் படித்தாலும் வரவு செலவைத் தேடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஸ்குவாஷ், குறுவையைப் போல நூறு நூற்றுப்பத்து நாளில் கதிர் முற்றும் பயிர் அன்று. ஜோஷ்னா 2000-ஆம் ஆண்டில் தமது 14-ஆம் வயதில் தேசியப் பட்டத்தை வென்றார். உலகக் கோப்பை வந்தபோது அவருக்கு வயது 39. கொல்கத்தாவில் பிறந்து, சென்னை நேரு பூங்காவில் உள்ள அகாடமிக்கு வந்து பயின்ற சௌரவ் கோஷல், 2004-இல் 19 வயதுக்கு உட்பட்டோருக்கான பிரிட்டிஷ் ஜூனியர் ஓப்பன் பட்டத்தை வென்றார். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இந்திய ஆடவர் என்ற பெயரை அவர் பெற்றதோ 2019-இல், 32 வயதில். இடையில் கழிந்த பதினைந்து ஆண்டுகளை அவரால் தாக்குப்பிடிக்க முடிந்தது. அவருக்கு நிகரான கைத்திறன் இருந்தும் சில ஆண்டுகளிலேயே ராக்கெட்டைப் பரணில் வைத்தவர்களின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அப்படிப்பட்ட ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள் என்பதால்தான் இந்தக் கடிதம்.

என் தங்கை மகள் சென்னையில் பள்ளியில் படித்தபோது ஸ்குவாஷ் கற்று, பதினெட்டு வயதில் தொழில்முறை ஆட்டக்காரராகப் பதிவு செய்துகொண்டாள். ஒரு முறை அவள் பயிற்சி செய்வதைப் பார்க்கப் போயிருந்தேன். ஆட்டம் தொடங்குமுன் பந்தைச் சுவரில் ஓயாமல் அடித்துக்கொண்டே இருந்தாள். என் உள்ளங்கையில் கொடுத்தபோது அது உரிக்காத அவித்த முட்டையைப் போலச் சூடாக இருந்தது. இரண்டு மஞ்சள் புள்ளி வைத்த அந்தச் சிறு ரப்பர் பந்து சூடேறினால்தான் எழும்புமாம். 24 கிராம் எடைதான். பக்கச் சுவரில் ஓரிடத்தில் விரல் தடங்களாகவே இருந்தன. வியர்த்த கையைத் துடைக்க எல்லாரும் சுவரைத்தான் தேடுவார்களாம்.

அவள் ஒரு நோட்டில் கணக்கு வைத்திருந்தாள். "வரவுப் பக்கத்தைப் பார்க்காதீங்க மாமா, அதுல ஒண்ணும் இருக்காது" என்று சிரித்துக்கொண்டே நீட்டினாள். செலவுப் பக்கத்தில் விமானக் கட்டணம், விசா, தங்கும் அறை, அறுந்த ராக்கெட் நரம்பை மாற்றியது, முழங்கால் வலிக்கு பிசியோவிடம் போனது என்று வரிசையாக இருந்தது. வரவுப் பக்கத்தில் முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ தோற்றவருக்குக் கிடைக்கும் சில்லறை டாலர்கள். மொத்தப் பரிசே 3,000 டாலர் என்ற அளவில் நடக்கும் சிறு போட்டிகளில் அதை அத்தனை பேரும் பிரித்துக்கொண்டால் ஒருவர் கைக்கு என்ன வரும்? பெரிய போட்டிகளுக்குப் போகலாமே என்று நானும் விவரம் தெரியாமல் கேட்டேன். அங்கே இடம் கிடைக்கத் தரவரிசை வேண்டும். தரவரிசைக்குப் புள்ளிகள் வேண்டும். புள்ளிகளுக்கு இந்தச் சிறு போட்டிகளுக்குத்தான் போயாக வேண்டும். வாங்கிய புள்ளியும் ஓராண்டு முடிந்தால் கணக்கிலிருந்து கழிந்துவிடும். கையில் காசில்லை என்று நான்கு மாதம் வீட்டில் உட்கார்ந்தால், உட்கார்ந்தபடியே கீழே இறங்க வேண்டியதுதான். வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் தலைமடைக்காரர் பாய்ச்சி முடித்து மிஞ்சினால்தான் கடைமடைக்கு என்ற எங்கள் ஊர் நிலவரத்தை எனக்கு நினைவூட்டிய அந்தக் கணக்கு நோட்டில் 23-ஆம் வயதுக்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு, திறமை இருந்தால் எப்படியும் மேலே வருவார்கள் என்று சொல்வோர் இருப்பார்கள். மேலே வந்தவர்களும் பணத்துக்காகப் போராடியவர்கள்தாம். தேசியப் போட்டியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் பரிசுத் தொகை சமமாக இல்லை என்பதற்காகத் ஸ்குவாஷ் வீராங்கனை தீபிகா பள்ளிக்கல் 2012 முதல் சில ஆண்டுகள் அப்போட்டியையே புறக்கணித்து, தொகை சமமாக்கப்பட்ட பிறகு 2016-இல் திரும்பி வந்தார். அப்போது அவர் உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்துபோனவர். அவரால் புறக்கணிக்க முடிந்தது. 200-ஆம் இடத்தில் இருக்கும் பெண் புறக்கணித்தால் யாருக்குத் தெரியும்? மலேசியத் தமிழ்ப்பெண் சிவசங்கரி சுப்ரமணியம் 2022-இல் கார் விபத்தில் மண்டையிலும் முகத்திலும் எலும்பு முறிந்து கிடந்து, மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம் வென்றார். அந்தச் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் அவருடைய மன உறுதியோடு, எழுந்து நடக்கும்வரை அவரைத் தாங்கிய கைகளையும் நான் நினைத்துக்கொள்கிறேன். சிவசங்கரியும் நம் வேலவனும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டே ஆடியவர்கள். அந்த வழி நல்ல வழிதான். ஆனால் அதற்கான விண்ணப்பத்தை நிரப்பச் சொல்லித்தரவும் ஒருவர் வேண்டும்.

தமிழ்நாட்டில் பதக்கம் வென்றவர்களுக்கு ரொக்கப் பரிசும், அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. 2023-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் வீரர்களுக்கு உதவிவருகிறது. என் தங்கை மகள் ஆடிய காலத்தில் அது இல்லை. அந்த அறக்கட்டளைக்கு என் தொழில் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் என்றால், விதைக்கும் உரத்துக்கும் நடவுக் கூலிக்கும் பணம் அதற்கு முன்பே விவசாயி கையில் இருக்க வேண்டும். அதனால்தான் சங்கத்தில் ஏக்கருக்கு இவ்வளவு என்று வரம்பு கட்டிப் பருவத் தொடக்கத்திலேயே பயிர்க்கடன் கொடுக்கிறோம். தவணை தவறாமல் கட்டியவருக்கு வட்டி இல்லை. ஸ்குவாஷ் ஆட்டக்காரருக்கும் அப்படியே, 18 வயது முதல் 24 வயது வரை, ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு ஆண்டிறுதியில் கணக்குக் கேட்கலாம். இத்தனை போட்டியில் ஆடினாய், இவ்வளவு தூரம் முன்னேறினாய் என்று பார்க்கலாம். சிலர் தேறமாட்டார்கள். பயிர்க்கடனிலும் எல்லா வயலும் விளைந்ததில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறவிருக்கும் நிலையில், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆடப்போகிறவர்கள் இன்று அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

இன்னொன்று. ஆட்டத்தை விட்ட என் தங்கை மகள் இப்போது பாபநாசத்துக்கே வந்துவிட்டாள். எங்கள் குடும்பத்துக்கு இங்கே ஓடாமல் நின்றுபோன அரிசி ஆலை ஒன்று இருக்கிறது. மாலை நேரத்தில் அதன் சுவரில் பந்தடிப்பாள். நெல் காயவைத்த களத்தில் தெருப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் அவளிடம் இரண்டு பழைய ராக்கெட்டை முறை வைத்து வாங்கி அடிக்கிறார்கள். ஸ்குவாஷ் ஆடுகளம் 9.75 மீட்டர் நீளம், 6.4 மீட்டர் அகலம். அதாவது 32 அடிக்கு 21 அடி. ஆலையின் கிடங்கை டேப் பிடித்து அளந்தோம். நீளமும் அகலமும் தாராளமாக இருக்கின்றன, உயரமும் போதும். மரத்தளம் போட்டு, சுவரைச் சமமாகப் பூசி, ஐப்பசி மழையில் தரை ஓதம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதுமானது. இடத்தை இலவசமாகத் தருகிறோம், தளம் மட்டும் போட்டுக் கொடுங்கள் என்று ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தோம். "உங்கள் பகுதியில் டென்னிஸ் ஆடுகளம் இருக்கிறதே, அதிலேயே ஆடலாமே" என்று பதில் வந்தது. நான்கு சுவருக்குள் ஆடும் ஆட்டம் என்பதை விளக்கி, இந்த முறை கிடங்கின் வரைபடத்தையும் அளவுகளையும் இணைத்து, இரண்டாம் மனு அனுப்பியிருக்கிறோம். தங்கள் நாளிதழின் நிருபர் யாராவது ஒரு நாள் மாலை ஐந்து மணிக்குமேல் எங்கள் ஆலைப் பக்கம் வந்து பார்த்து எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கச் செயலாளர்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.