பாட்டுகளில் கிடக்கும் சோமாலிய வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

சோமாலியா என்றதும் நம் பத்திரிகைகளுக்குக் கடற்கொள்ளையும் பஞ்சமும்தான் நினைவுக்கு வருகின்றன. 2015-இல் மறைந்த வரலாற்றாசிரியர் சயீத் சமத்தாரைப் பற்றி ஒரு வரிகூடத் தமிழில் நான் படித்ததில்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

எத்தியோப்பியாவின் ஓகாடன் பகுதியில் பிறந்த அவர், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பேராசிரியராக இருந்தார். சோமாலி மொழிக்கு அதிகாரபூர்வ எழுத்து முறை வந்ததே 1972-இல்தான். அதற்கு முன் வழக்கும் வம்பும் சமாதானமும் பெரும்பாலும் பாட்டிலேயே நடந்தன. சுமார் 20 ஆண்டுகள் பிரிட்டிஷாரை எதிர்த்த சோமாலியத் தலைவர் செய்யது முகமது அப்துல்லா ஹசன் பெருங்கவிஞரும்கூட. 1913-இல் தூல்மதோபாப் போரில் மாண்ட ஆங்கிலேய அதிகாரி காஃபீல்டை விளித்து அவர் பாடியது இன்றும் புகழ்பெற்றது. காலனி அரசின் கோப்புகள் அவரைப் 'பைத்தியக்கார முல்லா' என்று எழுதிவைத்தன. சமத்தாரோ அந்தக் கோப்புகளோடு நிற்காமல், மனப்பாடமாக வாழ்ந்த பாட்டுகளைச் சேகரித்து, அவற்றைச் சான்றாக வைத்து ஹசனைப் பற்றி 1982-இல் நூல் எழுதினார்.

சோமாலிப் பாட்டில் முதலடியில் எடுத்த மோனை கடைசி அடிவரை மாறக்கூடாது. மோனை அறிந்த நமக்கு அந்த உழைப்பின் அருமை சொல்லாமலே விளங்கும்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் இவரைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்று வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்