மடிப்புக் கேமராவில் படம் மங்கினால் லென்ஸைக் கழற்றாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்த காலத்து மடிப்புக் கேமராக்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையை மிகுந்த ஆர்வத்துடன் படித்தேன். ஆயினும், கிரவுண்ட் கிளாஸில் (தகட்டைச் செருகுமுன் அதே இடத்தில் வைத்து ஃபோகஸ் பார்க்க உதவும், ஒரு பக்கம் தேய்த்த கண்ணாடியில்) தெளிவாகத் தெரிந்த உருவம் படத்தில் மங்கிப் பதிவதற்கு லென்ஸின் வயதே காரணம் என்றும், அதைக் கழற்றித் துடைத்து மாட்டினால் சரியாகும் என்றும் கட்டுரையாளர் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த யோசனையை நம்பிச் செயல்பட்டால் நல்ல நிலையிலுள்ள லென்ஸ்கள் பாழாகும் என்பதாலேயே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

லென்ஸில் உண்மையாகவே குறை இருந்தால் அது கிரவுண்ட் கிளாஸிலும் தெரிந்தாக வேண்டும். ஏனெனில் தகட்டில் விழுவதும் அதே ஒளிதான். லென்ஸ் துண்டுகளை ஒட்டியிருக்கும் பசை காலப்போக்கில் மங்கலாம், உட்புறத்தில் பூஞ்சை படரலாம். இவை உருவத்தை எங்கு பார்த்தாலும் வெளிறச் செய்யுமே தவிர, ஓரிடத்தில் தெளிவாகவும் மற்றோரிடத்தில் மங்கலாகவும் காட்டமாட்டா. கண்ணாடியில் தெளிவும் படத்தில் மங்கலும் இருந்தால், கிரவுண்ட் கிளாஸின் தேய்த்த பரப்பும் தகட்டில் படம் பதியும் மருந்துப் பரப்பும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை என்பதே பெரும்பாலும் அதன் பொருள்.

இந்தத் தூர வேறுபாடு எவ்வளவு சிறியதாக இருந்தாலே போதும் என்பதைப் பலர் உணர்வதில்லை. 9×12 சென்டிமீட்டர் தகட்டுக்கான கேமராக்களில் வழக்கமாகக் காணப்படும் 13.5 சென்டிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸை எடுத்துக்கொள்வோம். ஒளி புகும் அதன் துளையை எஃப் 4.5 அளவுக்கு (எண் கூடினால் துளை சுருங்கும்) முழுவதும் திறந்து வைத்தால், தகடு முன்னோ பின்னோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் விலகும்போதே மங்கல் கண்ணுக்குப் புலப்படத் தொடங்கும். ஒரு மில்லிமீட்டர் விலகல் என்றால், மிகத் தொலைவிலுள்ள மலைக்குச் சரியாக இருந்த ஃபோகஸ் சுமார் 18 மீட்டர் தூரத்திலுள்ள மரத்துக்கு நகர்ந்துவிடும். துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கினால் ஒன்றரை மில்லிமீட்டர் வரையிலான பிழைகூட மறைந்துவிடும். பொதுவாக வெயிலில் துளையைச் சுருக்கியும் நிழலில் திறந்தும் எடுப்பார்கள்; வெயிலில் எடுத்த படங்கள் நன்றாக வந்தன, நிழலில் எடுத்தவை மட்டுமே கெட்டன என்று கட்டுரையாளர் வியந்திருப்பதற்கு இதுவே விளக்கம் என்று கருதுகிறேன்.

இந்தப் பிழை எவ்வாறு வந்து சேர்கிறது? முதலில் சந்தேகிக்க வேண்டியது, பழைய கிரவுண்ட் கிளாஸ் உடைந்தபோது யாரோ புதிதாக வெட்டிப் பொருத்திய கண்ணாடியைத்தான். சொரசொரப்பான பக்கம் எப்போதும் லென்ஸை நோக்கியே இருக்க வேண்டும். இதை அறியாமல் சிலர் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுவிடுகிறார்கள். அவ்வாறு திருப்பினால், கண்ணாடிக்குள் ஒளி வளைந்து செல்வதையும் கணக்கில் கொண்டு, கண்ணாடியின் தடிப்பில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குப் பிழை நேரும். ஒன்றரை மில்லிமீட்டர் கண்ணாடிக்கு அது ஒரு மில்லிமீட்டர். விளைவாக, நாம் குறிவைத்த முகம் மங்கி, அதற்குப் பின்னால் உள்ள சுவர் கூர்மையாகப் பதியும்.

அடுத்தது, தகட்டுக்குப் பதிலாக ஃபிலிம் பயன்படுத்தும் பழக்கம். தகட்டைத் தாங்கும் உலோக ஹோல்டர் ஒரு மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட தடிப்புள்ள கண்ணாடிக்காகச் செய்யப்பட்டது. அதில் மெல்லிய ஃபிலிமை அப்படியே செருகினால் அது பின்னால் தள்ளியோ நடுவில் வளைந்தோ நிற்கும். ஃபிலிமைத் தட்டையாகப் பிடித்துத் தகட்டின் இடத்துக்குக் கொண்டுவருவதற்கென்றே தகர உறைகள் உள்ளன. அவையின்றி ஃபிலிம் போடுவது வீண் செலவு. வேறொரு நிறுவனத்தின் கேமராவுக்குச் செய்த ஹோல்டர் தடத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது என்பதாலேயே அதன் ஆழமும் பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது.

சோதிப்பது கடினமன்று. ஹோல்டரில் பயனற்ற பழைய தகடு ஒன்றைப் போட்டு, தடத்தில் அமரும் விளிம்புகளின் மேல் ஓர் இரும்பு அளவுகோலைக் குறுக்காக வைத்து, வெர்னியர் காலிப்பரின் ஆழம் அளக்கும் கம்பியால் தகட்டின் பரப்பு வரையுள்ள ஆழத்தை நடுவிலும் நான்கு மூலைகளிலும் அளக்க வேண்டும். கிரவுண்ட் கிளாஸ் சட்டத்திலும் அதேபோல் அளந்து ஒப்பிட வேண்டும். கண்ணாடி லென்ஸை நெருங்கியிருந்தால், அது அமரும் விளிம்பில் மெல்லிய காகிதப் பட்டைகளை ஒட்டிப் பின்னுக்குத் தள்ளலாம். சாதாரண எழுதுதாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ளது. கண்ணாடி விலகியிருந்தால், சட்டத்தை அரத்தால் தேய்க்க முற்படாமல், கண்ணாடி திரும்பியிருக்கிறதா, கவ்விகள் அதைச் சரியாக அழுத்துகின்றனவா என்று பார்ப்பதே முறை. பின்னர், பொருள்களைச் சாய்வான வரிசையில் சம இடைவெளியில் நிறுத்தி, நடுவிலுள்ளதற்கு ஃபோகஸ் செய்து, துளையை முழுவதும் திறந்து ஒரு படம் எடுத்தால் திருத்தம் பலித்ததா என்பது தெரிந்துவிடும்.

இவற்றுக்குப் பிறகே, லென்ஸ் பலகை தண்டவாளத்தில் வந்து நிற்கும் நிறுத்தியையும் தூர அளவுகோலையும் தொட வேண்டும். கிரவுண்ட் கிளாஸ் தவறாக இருக்கும்போது நிறுத்தியை நகர்த்திச் சரிசெய்தால், ஒரு பிழையை மற்றொரு பிழையால் மூடியதாகவே ஆகும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ குன்றையோ உருப்பெருக்கியால் கிரவுண்ட் கிளாஸில் பார்த்து நிறுத்தியின் இடத்தை உறுதி செய்யலாம். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் குற்றம் வேறு: லென்ஸ் பலகை சாய்ந்திருக்கும், அல்லது விறைத்துப்போன பெல்லோஸ் (லென்ஸ் பலகைக்கும் கேமராவின் பின்பகுதிக்கும் இடையிலுள்ள மடிப்புத் துருத்தி) அதை ஒருபுறமாக இழுத்துக்கொண்டிருக்கும்.

லென்ஸைப் பொறுத்தவரை, அதன் முன்பாகமும் பின்பாகமும் ஷட்டரில் இறுதிவரை திருகப்பட்டிருக்கின்றனவா என்று கையால் பார்த்தால் போதுமானது. பால் ருடால்ஃப் வடிவமைத்து 1902இல் காப்புரிமை பெற்ற டெஸ்ஸார் போன்ற லென்ஸ்களில் துண்டுகளுக்கு இடையேயுள்ள தூரம் மிக நுட்பமாக வகுக்கப்பட்டது. சிலவற்றில் மெல்லிய வளையம் ஒன்றும் செருகப்பட்டிருக்கும். துடைக்கும் ஆர்வத்தில் அவ்வளையத்தைத் தவறவிட்டாலோ, ஒரு துண்டைத் திருப்பி மாட்டினாலோ, அதுவரை இல்லாத குறையை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

படம் மங்குவதால் தம் கேமராவை அலமாரியில் காட்சிக்கு வைத்துவிடப் போவதாகக் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பாக, கிரவுண்ட் கிளாஸின் உட்புறத்தை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்க்கும்படி அவரை அன்புடன் வேண்டுகிறேன். அது வழவழப்பாக இருந்தால், கவ்விகளைத் தளர்த்திக் கண்ணாடியைத் திருப்பிப் போடுவதற்குச் சில நிமிடங்களே ஆகும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்