மிக்ஸி, அம்மி, கொட்டாப்புளி

பழங்காநத்தம், மதுரை
பங்குனி 20

அன்புள்ள மாப்ளே,

மூன்று மாதமாக ஒரு வரி இல்லை என்று திட்டி எழுதியிருக்கிறாய். நியாயம்தான். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அம்மாவின் முட்டிவலி அப்படியே இருக்கிறது, மற்றபடி எல்லோரும் சுகம். ‘கலெக்டர்’ போன வாரம் வந்தான். அந்த நூறு ரூபாயைப் பற்றி மூச்சே விடவில்லை.

சரி, மிக்ஸியில் ஐஸைத் தூளாக்குவது பற்றிக் கேட்டாயே, அதற்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்தபோது ஜூலெப் என்று ஒன்று கலந்தாயே, விஸ்கியும் புதினாவும் தூள் ஐஸுமாகக் கென்டக்கிக்காரன் வெள்ளி டம்ளரில் குடிப்பது! அதற்காக ஐஸை என் வீட்டுக்காரி தங்கத்தின் மிக்ஸியில் கொட்டி ஓடவிட்டாய். மேலே கட்டிகள் சும்மா சுற்ற, அடியில் கஞ்சி. ஜாரில் விரிசல் வேறு. அதற்கான வட்டியை இன்றுவரை நான்தான் கட்டுகிறேன். ஓடவிட்டது உன் தப்பு. பாதி ஜார் ஐஸ் போட்டு, குமிழை எதிர்ப்பக்கம் இரண்டு விநாடி திருகி விட வேண்டும், நாலைந்து தடவை. வந்ததைச் சல்லடையில் வடிக்க வேண்டும். அப்படியும் ஒன்று மாவாக வரும், ஒன்று கல்லாக வரும்.

பாலிதீன் பையும் சப்பாத்திக் கட்டையும் மூன்றாவது அடியில் முடிந்தன. பை கிழிந்து சமையலறை வழுக்குமரம் ஆயிற்று. இஞ்சி இடிக்கும் இரும்பு உரலில் ஒரு நேரத்துக்கு மூன்று கட்டிதான் பிடிக்கும். இந்த வெயிலில் அந்த இரும்பின் சூடே பாதி ஐஸைக் குடித்துவிடுகிறது. உரலை ஃபிரிட்ஜில் வைத்தேன். தங்கம் அதை எடுத்து வெளியே வைத்தாள், கூடவே என்னையும். அம்மியில் குழவி வழுக்கி ஒரு கட்டி பூஜை அலமாரிவரை போனது. மிச்சத்தில் பூண்டு வாசனை. அதையும் குடித்தேன்.

இவனுக்கு என்ன கிறுக்கு என்று கேட்பாய். தை மாதம் ஸ்கேன் எடுத்தேன் மாப்ளே. ஈரலில் கொழுப்பு, இரண்டாம் கட்டமாம். இனி ஒரு சொட்டுகூடக் கூடாது என்றார் டாக்டர். அப்பா எதில் போனார் என்று உனக்குத் தெரியும். தூக்கியவர்களில் நீயும் ஒருவன். டாக்டரிடமிருந்து வீட்டுக்கு வந்து நான் யாரிடமும் பேசவில்லை. உனக்கு எழுத நாலு தடவை உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். கிளாஸில் இருந்ததெல்லாம் போய் ஐஸ் ஒன்றுதான் மிச்சம், அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று ஆரம்பித்தது இது.

அமெரிக்க பார்களில் இதற்கென்றே கேன்வாஸ் பை ஒன்று உண்டாம். லூயிஸ் பை என்று பேர், கூடவே ஒரு மரச் சுத்தி. உருகும் தண்ணீரைத் துணி இழுத்துக்கொள்வதால் தூள் ஈரமில்லாமல் வரும். நம் ஸ்கூல் வாசல் சர்பத்துக்காரர் சாக்கில் சுற்றி மொத்துவாரே, அதேதான்! காடாத் துணி வாங்கிக்கொண்டு புதுமண்டபத்துத் தையல்காரரைத் தேடிப் போனேன். கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்தில். அவர் நிமிராமலே, “அழகர் வேஷத்துக்கா?” என்றார். ஐஸுக்கு என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தார்.

அந்த மரச் சுத்திக்குத் தெருக்கோடி ஆசாரியிடம் பழைய கொட்டாப்புளி ஒன்று கிடைத்தது. ஐஸை ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உடனே பையில் போட்டு மொத்த வேண்டும். வேர்க்கவிட்டால் தூள் ஒட்டிக்கொள்ளும். ஆறேழு அடி போதும். அம்மா கட்டிலில் இருந்தபடியே, “யாரு வீட்டுலடா துணி துவைக்கிறது?” என்கிறாள்.

ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும் என்று படித்தோமே, அதைச் சுற்றியிருக்கும் பானத்திலிருந்துதான் அது பிடுங்குகிறது. தூளாக்கினால் தொடும் பரப்பு கூடிக் கண்மூடித் திறப்பதற்குள் குளிர்கிறது, அதே வேகத்தில் தண்ணீரும் விடுகிறது. உன் விஸ்கிக்கு அந்தத் தண்ணீர் நல்லது. என் நன்னாரிக்கு ஆகாது. அதனால் சர்பத்தைக் கெட்டியாக ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, புதினாவைக் கசக்காமல் லேசாகத் தட்டிப் போட்டு, எவர்சில்வர் டம்ளரில் கோபுரமாக ஐஸைக் குவிக்கிறேன். வெளியே வெள்ளையாகப் பூக்கிறது. நீ பார்க்க வேண்டும்.

திருவல்லிக்கேணியில் ஐஸ் ஹவுஸ் பக்கத்திலேயே இருபது வருஷமாகக் குடியிருக்கிறாய். 1842-இல் பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்த ஐஸை வைக்கக் கட்டிய வீடு. அமெரிக்காக்காரன் மரத்தூளில் புதைத்து அத்தனை கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறான். நீ மிக்ஸியில் கஞ்சி காய்ச்சினாய்.

சித்திரைத் திருவிழாவுக்கு வா. பாட்டில் உன் இஷ்டம், எனக்கு ஒன்றும் இல்லை. முதல் இரண்டு நாள் மட்டும் என் எதிரில் திறக்காதே. வைகை எக்ஸ்பிரஸில் வருகிறாயா, பாண்டியனிலா என்று எழுது. வைகை என்றால் ராத்திரி ஐஸ் தயாராக இருக்கும். பாண்டியன் என்றால் விடிகாலை, காபிதான்.

உன்,
சீனி