செயலாளர் ஆண்டறிக்கை 2025: மெதுவோட்டக் குழுவும் ஓர் அக்காவின் வேகமும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டும் நம் ஞாயிறு ஓட்டம் பினாங்குத் தாவரவியல் பூங்காவில், தைப்பூச வாரம் தவிர, தடையின்றி நடந்தது. தைப்பூச வாரத்தில் பூங்காவுக்குப் பக்கத்திலிருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது என்பதால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உறுப்பினர்கள் தண்ணீர்ப் பந்தலில் நின்றார்கள். காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் ஓட்டம் இல்லை என்ற விதி அப்படியே தொடர்கிறது. குரங்குகள் பிடுங்குவதால் நெகிழிப்பையில் உணவு கொண்டுவர வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே ஓர் உறுப்பினருக்கு ஒதுக்கச் செயலவை எனக்கு அனுமதி தந்திருக்கிறது. "பேரெல்லாம் போட வேணாம் தம்பி" என்று அவர் கேட்டுக்கொண்டதால் அக்கா என்றே குறிப்பிடுகிறேன். ஐம்பதை நெருங்கும் வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை. பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பிறகு ஓடியதே இல்லை என்று சொல்லிக்கொண்டுதான் பிப்ரவரியில் சேர்ந்தார். மார்ச் மாதம் 5 கிலோமீட்டரை நடந்தும் ஓடியும் 43 நிமிடம் 10 விநாடியில் முடித்தார். டிசம்பரில் அதே தூரத்துக்கு 31 நிமிடம் 20 விநாடி. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 38 விநாடி எடுத்துக்கொண்டவர் 6 நிமிடம் 16 விநாடிக்கு வந்திருக்கிறார்.

நேரத்தைக் கேட்டதும் பலர் முதலில் சந்தேகப்பட்டது கைக்கடிகாரத்தைத்தான். அது நியாயமான சந்தேகமே. அடர்ந்த மரங்களுக்கும் குன்றுகளுக்கும் நடுவே செயற்கைக்கோள் சமிக்ஞை தடுமாறி, ஓடாத தூரத்தையும் சேர்த்துக் காட்டிவிடும். ஆகவே இரண்டு முறையும் 400 மீட்டர் ஓடுதளத்தில்தான் அளந்தோம். உள்வரிசையில் பன்னிரண்டரைச் சுற்று, இரண்டு பேர் கையில் நிறுத்துகடிகாரம். வெளிவரிசைக்குப் போகப் போகச் சுற்று நீளும் என்பதால் அக்கா உள்கோட்டை விட்டு விலகாதபடி பார்த்துக்கொண்டோம். வெயிலும் ஈரப்பதமும் கணக்கைக் குழப்பக் கூடாது என்று இரண்டு முறையும் விடிவதற்கு முன்பே ஓட வைத்தோம். வேகம் உண்மையானதுதான்.

எப்படி வந்தது இந்த வேகம்? மெதுவாக ஓடியதால் வந்தது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாக வருபவர்களில் பெரும்பாலோர் முதல் நாளே மூச்சு முட்ட ஓடிவிட்டு மறுவாரம் வருவதில்லை. அக்காவை மெதுவோட்டக் குழுவில் சேர்த்தோம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்துக்கு மேல் போகக் கூடாது. பேச்சு அறுந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும். முதல் மூன்று மாதம் கடிகாரம் பார்க்கவே விடவில்லை. வாரம் மூன்று நாள், ஷிப்ட் மாறினாலும் மூன்று நாள். அதன் பிறகுதான் வாரத்தில் ஒரு நாள், ஓட்டத்தின் முடிவில் இருபது விநாடி வேக ஓட்டங்களை இடையிடையே நடையோடு சேர்த்தோம்.

உடலுக்குள் நடப்பது வியப்பானது. தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இரத்தத்தில் பிளாஸ்மா என்னும் நீர்ப்பகுதி கூடுகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை அனுப்புகிறது. அதே வேகத்துக்குக் குறைந்த துடிப்பு போதுமானதாகிறது. தொடர்ந்து பயிற்சி செய்தால் தசைகளில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் பெருகுகின்றன, ஆற்றலை ஆக்கும் மைட்டோகாண்ட்ரியாக்கள் கூடுகின்றன. காலும் தேவையற்ற அசைவுகளைக் குறைத்துக்கொண்டு சிக்கனமாக ஓடப் பழகிவிடுகிறது. இத்தனை மாற்றமும் ஒரே நேரத்தில் சேர்ந்து வருவது தொடக்கக்காரருக்குத்தான்.

மலேசிய ஓட்ட வீரர் டாக்டர் எம். ஜெகதீசனை நம் மூத்த உறுப்பினர்கள் அடிக்கடி நினைவுகூர்வார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017இல்தான் முறிந்தது, அதுவும் 20.90 விநாடியில். உச்சியில் இருப்பவர்களுக்கு விநாடியில் நூறில் இரண்டு பங்கு குறைய 49 ஆண்டுகள். அடிவாரத்தில் நிற்பவருக்குப் பத்து மாதத்துக்குள் ஏறத்தாழ 12 நிமிடம். தூரம் வேறு, தரம் வேறு என்பது தெரியும். ஆனாலும் "இனிமேல் எனக்கு எதுக்கு ஓட்டம்" என்று வீட்டிலேயே இருக்கும் நம் அம்மாக்களுக்கும் அண்ணன்களுக்கும் இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லிவிடுங்கள்: அடுத்த ஆண்டும் இதே அளவு குறையாது. அக்காவும் அதைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

ஆகஸ்டில் ஒரு தடங்கலும் வந்தது. வேகம் கூடிய மகிழ்ச்சியில் அக்கா தினமும் விரைந்து ஓட ஆரம்பித்தார். கீழ்க்காலின் முன்னெலும்பு ஓரமாக வலி எடுத்தது. இதயமும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் பல மாதங்கள் வேண்டும். இந்த இடைவெளியில்தான் புதியவர்கள் அடிபடுகிறார்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் சொன்னபடி ஓட்டத்தை நிறுத்தி, நடையும் நீச்சலுமாக இருந்து, வலி முழுவதும் போன பிறகு பழைய மெதுவேகத்திலிருந்தே மறுபடி தொடங்கினார். காலணியை மாற்றினால் சரியாகிவிடும் என்று அவருக்கு ஆலோசனை சொன்னவர்கள் பலர். மாற்ற வேண்டியிருந்தது பயிற்சியின் அளவைத்தான் என்பது என் கருத்து.

இப்போது அவர் பினாங்குப் பாலத்தின் மீது அரை மாரத்தான் (சுமார் 21 கிலோமீட்டர்) ஓட ஆசைப்படுகிறார். 1985இல் பாலம் திறந்தபோது அப்பாவோடு சேர்ந்து பார்த்ததாகச் சொல்கிறார். முதலில் 10 கிலோமீட்டர், அரை மாரத்தான் அதற்கடுத்த ஆண்டு என்பது செயலவையின் பரிந்துரை; ஒப்புக்கொண்டார்.

அக்காவின் பக்கத்தில் வாரந்தோறும் தங்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேசியபடி ஓடிய நான்கு உறுப்பினர்களுக்கும் சங்கத்தின் நன்றி. தங்கள் சொந்தப் பயிற்சியை விட்டுக்கொடுத்து இதைச் செய்தார்கள். இவர்கள் இல்லாவிட்டால் இந்த அறிக்கையில் சொல்ல எனக்கு எதுவும் இருந்திருக்காது.

ஆகவே மெதுவோட்டக் குழுவைச் சங்கத்தின் நிரந்தரக் குழுவாக்க வேண்டும் என்றும், ஒவ்வொரு ஞாயிறும் கடைசி ஆள் வந்துசேரும் வரை துணையோட்டக்காரர் இருவர் பின்வரிசையில் ஓட வேண்டும் என்றும் தீர்மானம் முன்மொழிகிறேன். துணையோட விரும்புவோர் பசியாறப் போகும் முன் உதவிச் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
செயலாளர்