ஆண்டறிக்கை 2023–24: சங்கத்து டிராக்டரின் எர்த்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான நம் உழவர் சங்கத்தின் அறிக்கையைப் படிக்கிறேன்.

உறுப்பினர்கள் 46 பேர். புதிதாகச் சேர்ந்தவர்கள் மூவர். கிளை வாய்க்கால் தூர் வாரும் வேலை சித்திரைக் கடைசியில் முடிந்தது. செயற்குழு ஏழு முறை கூடியது. அதில் ஐந்து கூட்டம் டிராக்டர் பஞ்சாயத்து. ஆகவே இந்த அறிக்கையிலும் டிராக்டர்தான் அதிகம் வரும், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன வருஷம் மாசியில் நாம் வாங்கியது 2009 மாடல், செகண்ட் ஹேண்ட் வண்டி. விற்றவர் புதுப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொடுத்தார். அதன் முன்னால் நின்று எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். கோடை உழவில் ஒரு குறையும் இல்லை. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து, பாமணியாற்றில் தண்ணீர் வந்து, குறுவைக்குக் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிச் சேற்றில் இறக்கிய நாலாம் நாள் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. முட்டளவு சேற்றில் நிற்கிற வண்டியை யார் தள்ளுவது?

பேட்டரி இறங்கிவிட்டது என்று நானே முடிவு கட்டி, 12 வோல்ட் 88 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி புதிதாக வாங்கினேன். ரூ.7,400. ஒன்பது நாள் நன்றாக எடுத்தது. பத்தாம் நாள் பழையபடி ‘டக்’. செல்ஃப் மோட்டாருக்குள் சேறு போயிருக்கும் என்றார்கள். கழற்றிக் கொண்டுபோய் கார்பன் பிரஷ், புஷ் மாற்றிச் சுத்தம் செய்ததில் ரூ.2,350. அது ஆறு நாள் தாங்கியது. டீசல் வண்டி ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால், அதுவும் கேபிளை இழுத்து அணைக்கிற நம் வண்டி மாதிரி என்றால், அப்புறம் அதற்குக் கரண்டே வேண்டாம். அந்தத் தைரியத்தில் காலையில் எப்படியோ ஸ்டார்ட் செய்துவிட்டுப் பொழுது சாயும்வரை அணைக்காமலே வைத்திருந்தோம். டிரைவர் சாப்பிடுகிற நேரத்திலும் வரப்போரம் உறுமிக்கொண்டு நின்றது. “பேட்டரிய மாத்தியாச்சு, செல்ஃபையும் பாத்தாச்சு, இனி செயலாளரைத்தான் மாத்தணும்” என்று டீக்கடையில் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது.

அப்போதுதான் நம் உறுப்பினர்களில் மூத்தவர், பஸ் பணிமனையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர், வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கிற ஒரு மல்டிமீட்டரோடு கொட்டகைக்கு வந்தார். ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்கவில்லை. பேட்டரியில் அளந்தார்: 12.6 வோல்ட், முழுச் சார்ஜ். டிரைவரை செல்ஃப் அடிக்கச் சொல்லி, அடிக்கும்போதே மறுபடி பார்த்தார்: 11.4. “பேட்டரி மேல தப்பு இல்ல. அதுல குறை இருந்தா இந்நேரம் ஒன்பதுக்குக் கீழ விழுந்திருக்கும்” என்றார். அடுத்து செல்ஃப் மோட்டாரிலேயே வைத்து அளந்தார்: 7.2. நடுவில் நாலு வோல்ட்டுக்கு மேல் காணவில்லை. நான் உடனே பிளஸ் கேபிளைப் பிடித்து ஆட்டினேன். அவர் சிரித்தார். “தம்பி, கரண்டு போற வழியை மட்டும் பாக்குறீங்க. திரும்பி வர்ற வழியப் பாத்தீங்களா?”

மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை எஞ்சின் பாடியிலும் வைத்து செல்ஃப் அடித்தால் அரை வோல்ட்டுக்குள் காட்ட வேண்டுமாம். நம் வண்டியில் 3.8 காட்டியது. கரண்டு வண்டியின் பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்குத் திரும்புவது எர்த் பட்டையில்தான். அது கியர்பாக்ஸில் பிடிக்கிற போல்ட்டைக் கழற்றிப் பார்த்தோம். அடியில் அதே பளபளப்புப் பெயிண்ட், அதன் ஓரங்களில் துரு. பெயிண்டின் மேலேயே பட்டையை வைத்து முறுக்கியிருக்கிறார்கள். கோடையில் போல்ட் மரை வழியாக ஏதோ ஒப்பேற்றிக்கொண்டிருந்திருக்கிறது. சேற்றுத் தண்ணீர் புகுந்து துருப்பிடித்ததும் அதுவும் போயிற்று. ஒவ்வொரு முறை நாம் கழற்றி மாட்டியபோதும் பட்டை கொஞ்சம் அசைந்து கொடுத்ததில்தான் அந்த ஒன்பது நாளும் ஆறு நாளும் ஓடியிருக்க வேண்டும். உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்த்து, புது போல்ட், ஸ்டார் வாஷர் போட்டு, மேலே வாஸ்லின் தடவினோம். செலவு ரூ.60. பழைய பேட்டரியை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். அது நல்ல பேட்டரியாகவே இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்ததை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் அணையை மூடியபின் உழவு குறைந்து வண்டி கொட்டகையில் நின்றது. இரண்டு நாள் நின்றாலே பேட்டரி காலி. பெரியவர் மைனஸ் கேபிளைக் கழற்றி மீட்டரை இடையில் கோத்தார். சாவி ஆஃபில் இருக்கும்போதே 1.2 ஆம்பியர் ஓடியது. நம் மாதிரிப் பழைய வண்டியில் அது ஏறக்குறைய சுழியாக இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு 29 ஏ.ஹெச். இப்படியே கசிந்தால் 88 ஏ.ஹெச். எத்தனை நாளைக்கு? ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவினோம், மாற்றமில்லை. வண்டி ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயரைக் கழற்றியதும் மீட்டர் சுழிக்கு வந்தது. கரண்டை ஒரு பக்கம் மட்டும் விட வேண்டிய அதன் டயோடு ஷார்ட்.

டயோடு ஏன் போனது என்று கேட்டார். சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க, வண்டி ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்த்தது நான்தான். பழைய டைனமோ காலத்தில் அப்பா அப்படித்தான் பார்ப்பார். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்ட்டேஜ் எகிறி டயோடு அடித்துவிடும். ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.4-க்குள் மீட்டர் காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம், எதையும் கழற்ற வேண்டியதில்லை. டயோடு பிளேட் மாற்ற ரூ.1,450.

மற்றபடி, முன்பிருந்தவர்கள் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது, எலி கடித்த ஹெட்லைட் ஒயர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ரூ.1,900. கரண்டு பக்கத்துக்கு மட்டும் ஆண்டுச் செலவு ரூ.13,160. இதில் ரூ.9,750 அளந்து பார்க்காமல் செய்தது. டயோடு என் கைவேலை, அந்த ரூ.1,450-ஐ நானே சங்கத்தில் கட்டிவிட்டேன், ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. பேட்டரிப் பணத்தையும் கட்டச் சொன்னால் கொஞ்சம் அவகாசம் வேண்டும்.

செயற்குழு இரண்டு தீர்மானங்களைப் பொதுக்குழு முன் வைக்கிறது. ஒன்று, வாங்கியிருக்கும் மல்டிமீட்டர் கொட்டகைச் சாவியோடு இருக்கும்; ரூ.500-க்கு மேல் எந்தப் பாகம் மாற்றினாலும் அதற்கு முன் அளந்த வோல்ட் என்னவென்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு, உழவு வாடகை பாக்கி வைத்திருக்கும் நான்கு உறுப்பினர்கள் ஆனிக்குள் கட்ட வேண்டும். பெயர்களை இங்கே படிக்கவில்லை; அவர்களுக்கே தெரியும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார்.

இவண்,
செயலாளர்