கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது? கொங்கு நாட்டுச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் கப்பல் சுற்றுலாவுக்கு ஆள் சேர்க்கும் எல்லோருக்கும் வணக்கமுங்க.

உங்களில் ஒருவர் கொடுத்த துண்டறிக்கை இன்னும் எங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் சொருகியிருக்கிறது. வழவழப்பான காகிதம். கப்பலில் நீச்சல் குளம் எத்தனை, சைவச் சாப்பாடு எந்த மாடியில், ராத்திரி ஆட்டம் பாட்டம் எத்தனை மணிக்கு என்று எதையும் விடவில்லை. பயணத் திட்டத்தில் முதல் நாளுக்கு எதிரே மட்டும் இப்படி இருக்கிறது: "சிங்கப்பூர் வருகை, துறைமுகம் செல்லுதல், கப்பல் ஏறுதல்." நடுவில் இருக்கிற அந்த 'துறைமுகம் செல்லுதல்' பற்றித்தான் இந்த மடல்.

நாங்கள் ஒன்பது பேர், பெருந்துறைப் பக்கம். ஏலச்சீட்டுக் காசைச் சேர்த்து வைத்துப் போன பயணம். மாமனாருக்கு 72 வயது. மாமியார் அதற்கு முன்னால் மேற்கே போன தூரம் குருவாயூர் வரைக்கும்தான். கூட மாமனாரின் அக்கா. அப்புறம் நங்கையா, அதாவது என் நாத்தனார், அவர் வீட்டுக்காரர், அவர்களுடைய பையன், நாங்கள் இரண்டு பேர், பிளஸ் டூ முடித்த எங்கள் மகள். கோவையிலிருந்து நேர் விமானம் இருப்பதால் சென்னை, கொச்சி என்று அலைய வேண்டியதில்லை. ராத்திரி ஏறினால் விடியும்போது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். அதுவரைக்கும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

கப்பல் கிளம்புவது மாலை 5 மணிக்கு. நாங்கள் இறங்கியது விடிகாலை. 'உள்ளூர்ப் பிரதிநிதி சந்திப்பார்' என்று வாயால் சொன்னார்கள், காகிதத்தில் இல்லை. பிரதிநிதியின் எண் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சரி, பார்த்துக்கொள்ளலாம் என்று பக்கத்தில் ஜுவல் கட்டடத்துக்குள் போனோம். 40 மீட்டர் உயரத்திலிருந்து கூரை நடுவே அருவி கொட்டுகிறது. மாமனார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "கொடிவேரியில குளிக்கவாச்சும் உடுவான்" என்றார். பெட்டிகளை வைத்துவிட்டுச் சுற்ற விமான நிலையத்திலேயே கட்டணப் பெட்டகம் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால், எட்டுப் பெட்டியை ஆள் மாற்றி ஆள் காவல் காத்திருக்க மாட்டோம்.

பதினொரு மணிக்கு டாக்சி வரிசையில் நின்றோம். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். டாக்சியில் 4 பேர் உட்காரலாம் என்பது சரி. 4 பேரும் 4 பெரிய பெட்டியும் போக முடியாது. டிக்கியில் இரண்டு பெட்டி வைத்தால் மூன்றாவதுக்கு மல்லுக்கட்ட வேண்டும். ஒன்பது பேருக்கு மூன்று வண்டி ஆனது. பெரியவர்கள் மூன்று பேரையும் கடைசி வண்டியில் ஒன்றாக ஏற்றினோம். அது எங்கள் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். மாமனார் கையில் நீங்கள் அச்சடித்துக் கொடுத்த தாள். எங்கள் வண்டியில் மகள் இருந்தாள். அவள் செல்போனில் கப்பல் கம்பெனி அனுப்பிய அனுமதிச் சீட்டைத் திறந்து ஓட்டுநரிடம் காட்டினாள். நங்கையா வண்டி எங்களைப் பார்த்துப் பின்னாலேயே வந்தது.

அரை மணி நேரத்துக்குள் துறைமுகம் வந்துவிட்டோம். கடைசி வண்டி வரவில்லை. மாமனார் போனில் ரோமிங் போடவில்லை. வரும், வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம்.

நடந்தது இதுதான். உங்கள் தாளில் 'சிங்கப்பூர் குரூஸ் சென்டர்' என்று இருந்தது. எங்கள் கப்பல் நின்றதோ 'மரினா பே குரூஸ் சென்டர்'. கேட்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். சிங்கப்பூரில் அது இரண்டு துறைமுகம். முதல் பெயருக்குச் சொந்தமானது ஹார்பர்ஃபிரண்டில், செந்தோசாத் தீவுக்கு எதிரே இருக்கும் பழைய முனையம். அங்கிருந்து தீவுக்குப் போகும் கேபிள் கார் கம்பி தண்ணீருக்கு மேலே குறுக்கே ஓடுவதால், 52 மீட்டருக்கு மேல் உயரமான கப்பல் அங்கே நுழைய முடியாது. இப்போது வருகிற பெரிய பெரிய கப்பல்களுக்காகத்தான் மரினா பே முனையத்தைக் கட்டி 2012இல் திறந்தார்கள். அடுக்குமாடிக் கட்டடம் மாதிரிக் கப்பலின் படத்தை அட்டையில் போட்டுவிட்டு, அது நுழையவே முடியாத முனையத்தின் பெயரை உள்ளே அச்சடித்திருக்கிறீர்கள். ஓட்டுநர் மேல் என்ன தப்பு? தாளில் இருந்த இடத்துக்குச் சரியாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டார்.

அங்கே படகில் பக்கத்துத் தீவுகளுக்குப் போகிற கூட்டம். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறார்கள். கவுண்டரில் இருந்த ஒரு தமிழ்ப் பெண் தாளை வாங்கிப் பார்த்து, "ஐயா, இந்தக் கப்பல் இங்க வராது" என்று சொல்லி, வெளியே கூட்டிவந்து வேறு டாக்சி பிடித்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும். ஒன்றரை மணிக்கு வந்து இறங்கிய மாமியார் என்னைப் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "ஏம்மிணி, கப்பலே இல்லாத எடத்துக்கு எங்களைய அனுப்பி உட்டுட்டீங்களே?"

கப்பல் புறப்படும் நேரம் வேறு, கதவை அடைக்கும் நேரம் வேறு. பஸ் மாதிரி ஓடிப்போய்த் தொற்ற முடியாது. புறப்பாட்டுக்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னாலேயே அனுமதியை நிறுத்திவிடுகிறார்கள். எங்களுக்கு நேரம் மிச்சம் இருந்தது, தப்பித்தோம். மதியத்துக்கு மேல் வந்து இறங்குகிற விமானத்தில் நீங்கள் டிக்கெட் போட்டிருந்தால்?

மரினா என்றால் நமக்குச் சுண்டலும் கண்ணகி சிலையும்தான் ஞாபகம் வரும். அங்கே அந்தப் பெயரில் ஒரு கொத்தே இருக்கிறது. மரினா பே என்று ஒரு மெட்ரோ நிலையம். மரினா பே சாண்ட்ஸ் என்று உச்சியில் கப்பல் மாதிரிக் கட்டிய ஓட்டல். ஆனால் அதற்கு இறங்க வேண்டிய நிலையத்தின் பெயர் பேஃபிரண்ட். நம் கப்பலுக்குப் போக இறங்க வேண்டியது மரினா சவுத் பியர். மரினா பே நிலையத்துக்கு அடுத்தது, அந்தத் தடத்தில் கடைசி. பெயரைப் பார்த்து மரினா பேயில் இறங்கிப் பெட்டியோடு திருதிருவென்று விழிக்கிறவர்கள் நம் ஆட்கள் மட்டும் இல்லை. இது போதாது என்று, விமான நிலையத்துக்குக் கிட்டத்திலேயே தானா மேரா என்று ஒரு படகு முனையமும் இருக்கிறது. 'பக்கத்துலதானுங்க துறைமுகம்' என்று யாராவது சொன்னால் அது அதுவாகத்தான் இருக்கும்.

மெட்ரோவில் போக நினைக்கிற இளவட்டங்களுக்காவது வழியைச் சொல்லுங்கள். சாங்கி நிலையத்தில் ஏறி, இரண்டு நிறுத்தம் தள்ளி, படகு முனையத்தின் அதே பெயரில் இருக்கும் தானா மேரா மெட்ரோ நிலையத்தில் இறங்கி மாறி, சிட்டி ஹாலிலோ அடுத்த ராஃபிள்ஸ் பிளேஸிலோ வடக்கு தெற்குத் தடத்துக்கு மாறினால் கடைசி நிலையம். நிலையப் பெயர்கள் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள், பார்க்கவே சந்தோசம். டாக்சிக் காசில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் இரண்டு முறை மாறி, இறங்கின பிறகும் பெட்டியை உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். மூட்டு வலிக்காரர்களுக்கு இது ஆகாது. டாக்சி என்றால் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை மீட்டருக்கு மேல் பாதி கூட வாங்குவார்கள். விடிகாலையில் இறங்கினால் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்பினாலே காசு மிச்சம். விமான நிலையத்தில் ஏறுவதற்கென்று தனிக் கூடுதல் எப்போதும் உண்டு. இதையெல்லாம் சொல்ல உங்களுக்கு என்ன செலவுங்க? அரைப் பக்கம்.

முனையத்துக்குள் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாசலிலேயே பெட்டிக்குச் சீட்டு மாட்டி வாங்கிக்கொள்கிறார்கள். விமானத்தில் போல இறங்கியதும் கைக்கு வந்துவிடும் என்று நினைத்தோம். எங்கள் அறை வாசலுக்கு வந்தது இருட்டின பிறகு. மாமனாருடைய அக்காவின் சர்க்கரை மாத்திரையும் மாமியாரின் பிரஷர் மாத்திரையும் அதற்குள். ஒப்புட்டு டப்பாவை மட்டும் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்தோம்! கடைசி ராத்திரியும் இதே கதைதான். பெட்டியை முன்கூட்டியே அறைக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் போடுகிற துணியையும் உள்ளே வைத்துவிட்டு, நங்கையா வீட்டுக்காரர் அரைக்கால் டவுசரோடு சிங்கப்பூர் குடியேற்ற வரிசையில் நின்றார். இறங்க ஆகும் நேரம், சாங்கிக்குத் திரும்பப் போகும் நேரம், அங்கே சோதனை எல்லாம் சேர்த்தால், காலையில் கப்பல் கரை சேர்ந்த அன்று மதிய விமானம் என்பது விஷப்பரீட்சை. அதையும் 'சௌகரியமான இணைப்பு' என்று விற்கிறீர்கள்.

சிங்கப்பூரை விடுங்கள். இப்போது நீங்கள் கொச்சியையும் சென்னையையும் கூவுகிறீர்கள். கொச்சியில் கப்பல் நிற்பது வில்லிங்டன் தீவில். 1999 வரைக்கும் பயணிகள் விமானமும் அந்தத் தீவில்தான் இறங்கியது. விமானத்தை விட்டு இறங்கினால் துறைமுகம் பக்கத்திலேயே. நெடும்பாசேரி விமான நிலையம் வந்த பிறகு இடையில் ஏறக்குறைய 35 கிலோமீட்டர், அதுவும் எர்ணாகுளம் நெரிசலைத் தாண்டி. நாம் பாலக்காடு வழியாகச் சாலையில் போய்விடுவோம். குதிரான் குகைப்பாதை வந்த பிறகு அந்த ஏற்றத்தில் லாரிக்குப் பின்னால் ஊர்கிற தொல்லையும் இல்லை. ஆனால் பெங்களூரிலிருந்து விமானத்தில் வந்து சேர்கிற பிள்ளைகளை 'கொச்சியில் கூடவும்' என்றால் எந்தக் கொச்சியில்? ரயிலில் வருகிறவர்களுக்கு எர்ணாகுளம் ஜங்ஷன் கிட்டம், டவுன் நிலையம் தள்ளி. சென்னையிலாவது மீனம்பாக்கத்தில் மெட்ரோ ஏறினால் மாறாமல் உயர் நீதிமன்றம் நிலையம் வரை போய், அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். ஆனால் துறைமுகத்துக்கு வாசல் ஒன்று இல்லை. எந்த வாசல் என்று எழுதுங்கள்.

நமக்குக் கடல் தூரம்தான். பவானியும் நொய்யலும் அமராவதியும் காவிரியில் சேர்வதோடு நம் தண்ணீர் விவகாரம் முடிந்தது. ஆனாலும் சென்னிமலைக்கு அந்தப் பக்கம் கொடுமணலில், இரண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலேயே கல்மணி செய்து கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்கு அனுப்பியவர்கள் நாம். எந்தத் துறையில் கொண்டுபோய் இறக்க வேண்டும் என்று அந்த வண்டிக்காரருக்குத் தெரிந்திருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முனையத்தின் முழுப்பெயரை, கப்பல் கம்பெனி சீட்டில் இருக்கிறபடியே, தாளில் போடுங்கள். பெரியவர்கள் கையில் இருக்கும் தாளில் தமிழிலும், ஓட்டுநரிடம் காட்ட ஆங்கிலத்திலும். கூட்டிப்போக வண்டி உண்டு என்றால் எங்கே நிற்கும், எத்தனை பெட்டி கொள்ளும், யார் எண். இல்லை என்றால் இல்லை என்றே எழுதிவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கதவடைக்கும் நேரத்தை அந்த ஊர் மணிக்கணக்கில் போடுங்கள். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மாமனார் கடைசி வரைக்கும் கைக்கடிகாரத்தை மாற்றவே இல்லை.

தை கழிந்து எங்கள் சீட்டுக் கூட்டம் கொச்சிக் கப்பலுக்குப் போகலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறது. இந்த முறை பதினான்கு பேர். உங்கள் துண்டறிக்கைகளை மேசையில் பரப்பி வைத்திருக்கிறோம். சாப்பாட்டுப் பட்டியலை யாரும் படிக்கவில்லை. மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'துறைமுகம் செல்லுதல்' எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
பெருந்துறையிலிருந்து ஒரு மருமகள்