டெய்லர் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு அதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எங்கள் தொடக்கப்பள்ளியில் பொம்மலாட்டம் திரும்பவும் ஆரம்பித்துவிட்டது. அதற்குத்தான் இந்த மடல்.

பெட்டியைத் திறந்தால் கையுறைப் பொம்மைகள் சேறும் நாற்றமுமாக ஒட்டிக் கிடந்தன. நாகர்கோவில் பக்கத்துத் தோல்பாவைக்கூத்துப் பெரியவர் ஒருவர் எப்போதோ தந்த, கூத்தில் கோமாளியாக வரும் உச்சிக்குடுமிப் பாவை, ஆட்டுத்தோல் ஊறிச் சுருண்டு, சாயம் போய்க் கிடந்தது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோதுகூட நான் அழவில்லை.

டெய்லர் அண்ணாச்சியிடம் வெட்டுத்துணி கேட்கப் போனேன். அவர் தையல் மிஷினும் தண்ணீரில் மூழ்கியதுதான். பிரித்துப்போட்டு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். கேட்கவே கூச்சமாக இருந்தது. காக்கா பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இதுக்குள்ள யாரு கையை விடுவா டீச்சர்? நீங்களா, பிள்ளைகளா?" என்றார்.

நான்தான் என்றேன். அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த 2022லிருந்து கதையும் பொம்மையுமாகத்தான் வகுப்பு ஓடுகிறது. ஆட்டுவது நான், பார்ப்பது பிள்ளைகள்.

மறுநாள் இஞ்ச் டேப்போடு பள்ளிக்கே வந்துவிட்டார். ஆள்காட்டி விரல் பொம்மையின் தலைக்கு. கட்டைவிரலும் நடுவிரலும் அதன் இரண்டு கைகளுக்கு. ஒன்றாம் வகுப்புக் கைகளை ஒவ்வொன்றாக அளந்தார், தீபாவளிச் சட்டைக்கு அளவெடுப்பது போல. நாலு நாளில் பதினோரு பொம்மை, அத்தனையும் கைத்தையல். காக்காவுக்குச் சட்டைப் பொத்தான் கண். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. எதற்குள்ளும் என் கை நுழையாது.

முதல் நாள் வடை சுட்ட பாட்டி கதை. நரி காக்காவைப் பாடச் சொல்வதற்குப் பதிலாக, "உங்க வீட்ல எம்புட்டுத் தண்ணி?" என்று கேட்டது. காக்கா கொஞ்சம் யோசித்து, "அப்பா இடுப்பு மட்டும்" என்றது. காக்காவை மாட்டியிருந்தவள் பள்ளி திறந்து ஒரு வாரமாக 'உள்ளேன் டீச்சர்' தவிர ஒன்றும் பேசியதில்லை. அப்புறம் பாட்டி, "மாவெல்லாம் போச்சு, வடை கிடையாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷமும் வகுப்பில் நான்தான் அதிகம் பேசியிருக்கிறேன் என்று அப்போது உறைத்தது.

சேறு அள்ளிய கல்லூரிப் பிள்ளைகள், கதைப் புத்தகம் அனுப்பிய சென்னை, கோவை நண்பர்கள், சார்ட்டுகளைக் கொடியில் காயப்போட்ட அம்மாக்கள், சத்துணவு அக்கா, காகிதக்கூழில் தலை செய்யக் கற்றுத்தந்த பக்கத்து ஊர் சார், எல்லாருக்கும் நன்றி. விட்டுப்போனவர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உச்சிக்குடுமியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. பெரியவரிடம் சொல்லத் தைரியமும் வரவில்லை. மார்ச் 21, உலகப் பொம்மலாட்ட நாளன்று பிள்ளைகளே ஆட்டுவார்கள். அவரைக் கூப்பிட்டு முன்வரிசையில், அண்ணாச்சிக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன்.

அண்ணாச்சி கூலி வாங்க மறுத்துவிட்டார். "மிஷின் ஓடட்டும் டீச்சர், திரைச்சீலை தச்சுத் தாரேன். அதுக்குத் துட்டு வாங்குவேன்" என்கிறார்.